ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் சுக்கும் கஞ்சியும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டி, இடது புறத்தில் செம்பரம்பாக்கம் ஏரியை விட்டு மேற்கே போனால், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் தெற்கே திரும்பினால் வல்லம், வல்லக்கோட்டை, ஒரகடம். ஒரு தலைமுறைக்கு முன்னே இந்தப் பிரதேசம் ஏரியும் நெல் வயலும் பனைமரமுமாக இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய் மோட்டார் வெளிவந்தது. அதற்குப் பிறகு கண்ணாடி, டயர், மோட்டார் சைக்கிள், பெரிய லாரி, கைத்தொலைபேசி என்று உலகத்துச் சாமான்களில் பாதி இங்கே தயாராகிறதோ என்று பிரயாணி வியக்கும்படி தொழிற்சாலைகள் பெருகிவிட்டன.

ஆனால் நாம் இந்தச் சாலைக்கு வந்தது மனிதனுடைய வயிற்றைப் பற்றி விசாரிப்பதற்காக. இதைக் கேட்டு நேயர்கள் சிரிக்கலாம். யந்திரத்துக்கு எண்ணெய் வேளாவேளைக்குப் போடப்படுகிறது. அதை ஓட்டுகிறவனுக்கு ஒரு வாரம் காலை முறை. மறு வாரம் மாலை முறை. மூன்றாம் வாரம் இரவு முறை. நடுநிசியில் சாப்பாடு, விடியற்காலையில் காப்பி, பகலில் தூக்கம். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றும், இரைப்பையில் அமிலம் சுரப்பதும் குடல் அசைவதும் அதைப் பின்பற்றியே நடக்கின்றன என்றும் சாஸ்திரக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தரம் அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் வயிறு சும்மா இருக்குமா?

நாட்டு மருந்துக் கடை

ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடை. வாசலில் சாக்குகளில் கடுக்காய், நெல்லி வற்றல், உலர்ந்த வில்வக் காய், மாதுளை ஓடு. உள்ளே டப்பாக்களில் சுக்கு, திப்பிலி, அதிமதுரம், பெருங்காயம். கடைக்காரர் வயதானவர்.

"பெரியவரே! இங்கே எதற்கு அதிகமாக மருந்து வாங்குகிறார்கள்?" என்று கேட்டோம்.

"முன்னெல்லாம் பிரசவ மருந்துக்குத்தாங்க கூட்டம். இப்போ பாதி வியாபாரம் வயித்துக்குத்தான். ராத்திரி வேலை முடிஞ்சு பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரே இங்கே வர்றாங்க. உப்புசம், எரிச்சல், பசியில்லை, பேதி. பிள்ளைங்க பாவம்!" என்றார்.

அவர் அன்று அதிகமாக விற்றது பஞ்ச தீபாக்கினிச் சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் திரிகடுகு. அதனுடன் ஏலமும் சீரகமும் சேர்த்துச் சர்க்கரை கலந்தால் இந்தச் சூரணம். வயிற்றில் மந்தமாகிவிட்ட அக்கினியைத் தூண்டிவிடும் என்பது சித்த வைத்தியர் கொள்கை. இந்தக் கொள்கை நம் நாட்டில் வைத்தியரோடு நின்றுவிடவில்லை. சமையலறைக்கும் கோயில் மடைப்பள்ளிக்கும் போயிருக்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில் உள்ள காஞ்சீபுரத்தில், வரதராஜப் பெருமாளுக்குச் சுக்கும் மிளகும் சீரகமும் சேர்த்த மாவை, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி வேகவைத்து இட்லியாக நிவேதனம் செய்கிறார்கள். பெருமாளுக்கு அஜீரணம் வரப் போவதில்லை. பிரசாதம் சாப்பிடுகிறவர்களைப் பற்றி யாரோ யோசித்திருக்கிறார்கள்!

கடையிலிருந்து வெளியே வந்தபோது, கைத்தொலைபேசித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் சுக்கு வாங்க வந்தார்கள். திருவண்ணாமலை ஜில்லாக்காரர்கள். "அம்மா பொடி இடிச்சுக் கொடுத்து அனுப்பினாங்க சார், தீர்ந்து போச்சு" என்றாள் மூத்தவள். இளையவள் வேறொரு கதை சொன்னாள். அவளுடன் விடுதியில் தங்கியிருந்த தோழிக்கு நீர் நீராகப் பேதியானதாம். விடுப்பு எடுத்தால் சம்பளம் போய்விடுமே என்று இரண்டு நாள் சூரணத்தையே விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போனாளாம். மூன்றாம் நாள் மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்று, நரம்பு வழியாக நீர் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். "அந்தப் பொடி நல்லதா, கெட்டதா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

கேள்வி சின்னதுதான். அதற்குச் சரியான பதில் கண்டுபிடிக்க நம் நாடு நூறு வருஷமாக முயன்றுவருகிறது.

ஒரு பழைய வழக்கு

1918-ஆம் வருஷம் சென்னை அரசாங்கத்தார் டாக்டர் கோமன் என்பவரிடம் சுதேச மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும்படி ஒப்படைத்தார்கள். அவருடைய அறிக்கை நம் வைத்தியத்தை மட்டம் தட்டிவிட்டது என்று வைத்தியர்கள் கொதித்து எழுந்தார்கள். 1921-இல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. காப்டன் ஸ்ரீநிவாசமூர்த்தி அதன் காரியதரிசி. ஆங்கில வைத்தியத்தில் தேர்ந்த அவர், நம் வைத்தியத்துக்கும் சாஸ்திரம் உண்டு என்று வாதித்தார். 1923-இல் அறிக்கை வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளிக்கூடமும் ஏற்பட்டது.

அதே காலத்தில் கல்கத்தாவில் கர்னல் ராம்நாத் சோப்ரா வேறு வழியில் போனார். மூலிகையைப் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. எடுத்துப் பிழிந்து, அதன் சத்தைப் பிரித்து, நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். சீதபேதிக்கு நம்மவர் கொடுத்த குடசப்பாலைப் பட்டையில் அமீபாக் கிருமியைத் தாக்கும் சத்து இருப்பதை அவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். பின்னால் அதைவிட நல்ல மருந்து வந்ததும் பட்டை பின்வாங்கிவிட்டது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

நம் வைத்தியத்துக்கு நேர்ந்த பெரிய கெடுதல் அன்னியரின் ஏளனத்தால் மட்டும் வந்ததன்று. மருந்தின் பெயரைப் பரிபாஷையில் மறைத்து, செய்முறையைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் இறந்துபோன வைத்தியர்கள் எத்தனை பேர்! 1017-ஆம் ஆண்டு ஸ்ரீராமாநுஜர் அவதரித்த ஊர் இந்த ஸ்ரீபெரும்புதூர். யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு பெற்ற மந்திரத்தை, திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் உரக்கச் சொன்னவர் என்று அவரைப் போற்றுகிறோம். மருந்தையும் அப்படிக் கோபுரத்தில் ஏற்றிவிட வேண்டும். இன்ன சரக்கு, இன்ன அளவு, இன்ன நோய்க்குக் கேட்கும், இன்னதற்குக் கேட்காது என்று ஊரறியச் சொல்லிவிட வேண்டும்.

சரக்கு சரக்காக

முதலில் சுக்கு. 2008-இல் தைவான் டாக்டர்கள் 24 ஆரோக்கியசாலிகளுக்கு 1.2 கிராம் இஞ்சிப் பொடி கொடுத்து, அவர்கள் சாப்பிட்டது இரைப்பையிலிருந்து எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று அளந்தார்கள். பாதி காலியாவதற்கு 26.7 நிமிஷம் ஆன இடத்தில் 13.1 நிமிஷமே ஆயிற்று. "பார்த்தீர்களா, பாட்டி சொன்னது மெய்!" என்று குதிப்பதற்கு முன் அடுத்த ஆராய்ச்சியையும் படிக்க வேண்டும். 2011-இல் அதே முறையில் அஜீரணக்காரர் 11 பேரைச் சோதித்தார்கள். இரைப்பை சீக்கிரம் காலியாயிற்று. ஆனால் அவர்களுடைய வயிற்று உபாதை குறையவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் மிகவும் கொஞ்சம் பேர் என்பதும் உண்மைதான். கர்ப்பிணிகளின் குமட்டலுக்கு இஞ்சி நல்லது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று இருக்கிறது. ஆக, சுக்கு குமட்டலுக்கு நல்ல சிநேகிதன். மந்தத்துக்கு ஓரளவு உதவலாம். பேதியை நிறுத்தும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

அடுத்தது மிளகும் மஞ்சளும். மிளகின் சத்து மற்றச் சத்துக்கள் இரத்தத்தில் சேர வழிசெய்கிறது. 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் வைத்தியக் கல்லூரியினர் 2 கிராம் மஞ்சள் சத்தோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த மஞ்சள் சத்து இருபது மடங்கு உயர்ந்தது. ஜம்மு ஆராய்ச்சிசாலையின் உழைப்பால், க்ஷயரோக மருந்தான ரிபாம்பிஸினை 450 மில்லிகிராமிலிருந்து 200 மில்லிகிராமாகக் குறைத்து, மிளகுச் சத்துடன் சேர்த்த மாத்திரையே வெளிவந்தது. திரிகடுகைப் பல மருந்துகளோடும் கூட்டிவைத்த பழைய வைத்தியரின் யூகம் வீண்போகவில்லை. ஆனால் இதே காரணத்தால், இரத்த அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மிளகு சேர்ந்த சூரணத்தை வாரக்கணக்கில் சாப்பிட்டால், அந்த மாத்திரையின் வேகமும் மாறிப்போகக் கூடும். ரசத்தில் போடும் மிளகைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். மருந்தாகச் சாப்பிடுவதை மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சளைப் பற்றி 2023-இல் தாய்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அஜீரணத்தால் கஷ்டப்பட்ட 206 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினம் 2 கிராம் மஞ்சள் சத்தும், இன்னொன்றுக்கு ஒமிப்ரஸோல் என்னும் அமிலக் குறைப்பு மாத்திரையும், மூன்றாவதற்கு இரண்டையும் கொடுத்தார்கள். மூன்று பிரிவாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் தெரிந்தது. ஆனால் மருந்தே இல்லாத பொய் மாத்திரையை மட்டும் கொடுத்த நான்காவது பிரிவு அங்கே இல்லை. ஆகையால் குணத்தில் மருந்தின் பங்கு எவ்வளவு, நாள் கழிந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஓமத்தின் கதை நம் தேசத்துக் கதையேதான். 1914-ஆம் வருஷத்து யுத்தத்துக்கு முன்னால் ஓமம் இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குக் கப்பல் ஏறிற்று. அங்கே அதிலிருந்து தைமால் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் ராக்பெல்லர் நிதியைக் கொண்டு 1909 முதல் கொக்கிப்புழுவை ஒழிக்க நடந்த பெரிய முயற்சியில் அந்தத் தைமால்தான் ஆயுதம். நம்முடைய ஓமம் சாக்கில் போயிற்று. தைமாலாகச் சீசாவில் அடைபட்டதும் மருந்து என்று பெயர் பெற்றது! தைமால் கிருமிகளைக் கொல்லும் என்பது நிச்சயம். ஆனால் ஒரு கரண்டி ஓமத் தீநீரில் உள்ள அளவு குடலுக்குள் அதே வேலையைச் செய்யும் என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை.

வில்வக் காய் நமக்கு ஒரு புதுப் பாடம் கற்பிக்கிறது. பிஞ்சு வில்வக் கஷாயத்தை 2009-இல் பம்பாய் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, அது பேதிக் கிருமிகளை அதிகமாகக் கொல்லவில்லை என்று தெரிந்தது. இதோடு சோதனையை நிறுத்தியிருந்தால் வில்வம் வெறும் நம்பிக்கை என்று தள்ளியிருப்பார்கள். மேலும் பார்த்ததில், கிருமிகள் குடலின் உயிரணுக்களில் ஒட்டிக்கொள்வதையும், காலராக் கிருமி விஷம் கக்குவதையும் கஷாயம் தடுப்பது புலப்பட்டது. இவ்வளவும் கண்ணாடிக் குழாயில் நடந்தது. மனித வயிற்றில் பெரிய அளவில் நடத்திப் பார்க்க வேண்டிய வேலை மிச்சமிருக்கிறது.

அதிமதுரத்துக்கு இரண்டு முகம். 1940-களில் ஹாலந்து தேசத்து டாக்டர் ரெவர்ஸ், மருந்துக் கடைக்காரர் ஒருவர் விற்ற அதிமதுரக் களிம்பால் இரைப்பைப் புண் ஆறுவதைக் கண்டார். அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு உடம்பு வீங்குவதையும் கண்டார். இந்த வேரிலிருந்து கார்பினக்ஸலோன் என்ற புண் மருந்து பிறந்தது. வீக்கமும் இரத்த அழுத்தமும் கூடவே வந்தன. 1982-இல் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இருவர், இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியே என்று காட்டத் தொடங்கினார்கள். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தப் புண்ணை இரண்டு வாரக் கிருமிக்கொல்லி மருந்தால் குணப்படுத்திவிடலாம். மாதக்கணக்கில் அதிமதுரம் மென்றுகொண்டு பொறுத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கஞ்சியின் வெற்றி

இவ்வளவு சரக்குகளையும் தராசில் போட்ட பிறகு, எடை குறையாமல் நின்ற பழைய மருந்து எது என்று கேட்டால், நாட்டு மருந்துக் கடையில் விற்காத ஒன்றைத்தான் சொல்லுவோம். அது உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி.

பேதியில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் போய்விடுவது. வெறும் உப்பு நீரைக் குடித்தால் நோயுற்ற குடல் அதைச் சரியாக ஏற்பதில்லை. கொஞ்சம் சர்க்கரை சேர்ந்தால், சர்க்கரையும் உப்பும் கைகோத்துக்கொண்டு குடல் சுவரைக் கடக்கின்றன. நீர் அவற்றின் பின்னே செல்கிறது. 1971-இல் கிழக்கு வங்காளத்து அகதிகள் பொங்காவோன் முகாமில் காலராவால் மாண்டுகொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பையும் சர்க்கரையையும் நீரில் கலந்து வாய் வழியாகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு, நான்குக்கும் குறைந்தது. அரிசி மாவு குடலில் மெதுவாகச் சர்க்கரையாக மாறுவதால், அதைச் சேர்த்த உப்பு நீர் காலராவில் இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது என்று பின்னால் தெரிந்தது.

நாம் நிற்கும் இதே சாலை வழியாக மேற்கே போனால் வேலூர் வருகிறது. அங்கே கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் டாக்டர் ராமகிருஷ்ணாவும் அவர் சகாக்களும் காலரா கண்ட 48 பேரிடம் ஒரு சோதனை நடத்தி, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடல்வரை போகும் ஒருவகை மக்காச்சோள மாவை உப்பு நீரோடு கொடுத்தார்கள். பெருங்குடலில் உள்ள நல்ல கிருமிகள் அந்த மாவைப் புளிக்கவைக்க, அதிலிருந்து உண்டாகும் அமிலங்கள் நீரை உடம்புக்குள் இழுத்துக்கொள்ள உதவின. பேதியும் குறைந்தது, சீக்கிரமாகவும் நின்றது. வடித்து ஆறிய சோற்றிலும் இவ்வகை மாவு கொஞ்சம் உண்டு. பழைய சோற்றை ஏழையின் ஆகாரம் என்று ஒதுக்கினவர்கள் கொஞ்சம் மரியாதையோடு அதைப் பார்க்கலாம்.

வீட்டிலோ விடுதியிலோ யாருக்காவது பேதி கண்டால், கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமே உத்தமம். அது கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அடிக்கடி கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். உப்பு அதிகமானால் ஆபத்து; அளவு பிசகக் கூடாது.

சூரணம் தீர்க்காத நோய்

2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்தச் சாலையில் நடந்த ஒன்றை உலகமே அறியும். சுங்குவார்சத்திரத்துக்கு அருகிலுள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு விஷமாயிற்று. 250 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்றோ என்று தெரியாமல் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தகுந்த நிலையில் இல்லை என்று ஆப்பிள் கம்பெனியாரே ஒப்புக்கொண்டார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம்-வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதிகளை அரசாங்கத்தார் திறந்தார்கள். நல்ல கட்டடம் ஒரு பெரிய மருந்துதான். சுத்தமான நீரும், கை கழுவச் சோப்பும், வேளைக்கு வேளை சூடான சோறும் செய்யும் வேலையை எந்தச் சூரணமும் செய்யாது. தொழிலாளிக்குச் சுக்கைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவாமல் விடுவது வைத்தியம் ஆகாது.

குடும்பத்தார் ஞாபகத்தில் வைக்க வேண்டியது இன்னும் ஒன்று. பேதியில் இரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் இறங்காமை, குழிவிழுந்த கண், குடித்ததெல்லாம் வாந்தி, கருநிற மலம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பு, வலது அடிவயிற்றில் விடாத வலி, இவற்றில் எது இருந்தாலும் அஞ்சறைப் பெட்டியை மூடிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர் மேல்வயிற்றில் இறுக்கமும் வியர்வையுமாக இருந்தால், "வாயு" என்று ஓமத் தீநீரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். நிமிஷங்கள் அருமையானவை.

கோபுரத்தில் ஏறட்டும்

ஒரகடத்திலிருந்து கிழக்கே வண்டலூர் வழியாகச் சென்றால் தாம்பரம் சானடோரியம். 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அங்கே நடந்துவருகிறது. தமிழ் வைத்தியத்துக்கு மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய பெரிய ஸ்தாபனம். அதனிடமும் அதைப் போன்றவற்றினிடமும் நாம் எதிர்பார்ப்பது சான்றும் தைரியமும். 2004-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர்க் கடைகளில் வாங்கிய 70 இந்திய மருந்துகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்ததாக ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். 2021-இல் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்கு ஈரல் கெட்டதாகப் பம்பாய் டாக்டர்கள் எழுதினார்கள். இவற்றைச் சொல்லுகிறவர்களை விரோதிகள் என்று வையாமல், குற்றம் இருந்தால் திருத்திக்கொள்வதும் இல்லாவிட்டால் சோதனையால் மறுப்பதுமே நம் வைத்தியத்துக்குக் கௌரவம்.

அந்தத் திருவண்ணாமலைப் பெண்ணுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "அம்மா இடித்துக் கொடுத்த பொடி நல்லதுதான், குழந்தாய்! குமட்டலுக்கும் மந்தத்துக்கும் சாப்பிடு. பேதி கண்டால் முதலில் உப்புச் சர்க்கரை நீர். ஒரு நாளில் தெளியாவிட்டாலோ, தலை சுற்றினாலோ, உடனே ஆஸ்பத்திரி. ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும்." அவள் தலையை ஆட்டிவிட்டு, வாங்கிய சுக்கைப் பையில் போட்டுக்கொண்டு, இரவு முறைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஆனால் பேதி கண்ட நாளிலாவது சம்பளம் போகாமல் அவள் படுத்திருக்க வழி செய்ய வேண்டியவர்கள் தொழிற்சாலை நடத்துகிறவர்கள். அந்த மருந்து எந்தக் கடையிலும் விற்பதில்லை.